விடுபட்டவை: பூஜ்யம்

இரண்டு மணிப் பரீட்சைக்கு ஒன்றேமுக்காலுக்கே தேர்வுப் பிரிவில் கைப்பேசியை வாங்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள், இனி ஐந்து மணிவரை நான் யாரையும் கூப்பிட முடியாது, என்னையும் யாரும் கூப்பிட முடியாது, அப்பாடா என்று இருக்க வேண்டியது, இருக்க முடியவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள், முதுகலைப் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு, மாதிரிக் கணக்கெடுப்பு முறைகள், நான் நடத்தாத தாள், அதனால்தான் என்னை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். மின்விசிறி நான்கில் இரண்டு சுற்றுகிறது, ஒன்று சத்தம் மட்டும் போடுகிறது, இன்னொன்று அதுகூட இல்லை. உட்கார்ந்தால் இடது முழங்காலில் ஒரு வலி, எழுந்து நடந்தால் வலதில் ஒன்று, ஐம்பத்தேழு வயதில் வலியாவது இரண்டு பக்கமும் சமமாகக் கிடைக்கிறதே என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ராத்திரி தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் அந்தப் படம். ஐந்தரைக்குள் துறைச் செய்திமடலுக்கு நூற்றிருபது வார்த்தை எழுதிக் குற்றாலிங்கம் சார் கையில் கொடுக்க வேண்டும். துறைத் தலைவர், நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் எதையாவது பாராட்டாமல் விடமாட்டார், அதுவே ஒரு தொல்லை. "வடிவு மேடம், இந்தத் தடவ உங்க பீடி ஆய்வுதான் முதல் பக்கம். 'ஒருவர்கூட விடுபடாத கணக்கெடுப்பு', தலைப்பே யோசிச்சு வச்சிட்டேன். நீங்க நாலு வரி எழுதி, கலர்ல ஒரு படம் போட்டுக் குடுத்தாப் போதும். தர மதிப்பீட்டுக் குழு திங்கக்கிழம வருது, அஞ்சரைக்கு அச்சுக்குப் போகணும்." சண்முகவடிவு என்று அப்பா ஆசையாக வைத்த பெயரை வடிவு என்று வெட்டிவிட்டது போதாதென்று படம் வேறு கேட்கிறார். அந்தப் படம் கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்த நாற்காலியில் நிம்மதியாகத் தூங்கி வழிந்துகொண்டிருப்பேன்.

படம் போட்டுப் பார், மற்றதெல்லாம் அப்புறம் என்று முப்பது வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், எண்ணைக் கையில் வாங்கியதும் முதல் வேலை படம், ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன், குறிப்பேட்டில் அடிக்கோடு போடச் சொல்கிறேன். நான் போடவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் நானும், என்னிடம் ஆய்வு செய்த ஜெபராணியும் சேர்ந்து ஆலங்குளம் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எடுத்தோம், பன்னிரண்டுக்குக் கீழே போனால் ரத்தசோகை, நூற்றுக்கு அறுபத்து மூன்று பேருக்குச் சோகை, அதிலும் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடிக்கு மேல் சுற்றுகிறவர்களுக்கு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு என்று எழுதினோம். கட்டுரை வந்தது, பேர் வந்தது, ஜெபாவுக்கு முனைவர் பட்டம் வந்தது, போன வருடம் எனக்குப் பேராசிரியர் பதவியும் வந்தது. நேற்று மத்தியானம் அந்தக் கோப்பைத் திறந்து, செய்திமடலுக்கு அழகாக இருக்கட்டும் என்று, பச்சை நிறத்தில், எந்த அளவில் எத்தனை பேர் என்று முதல் தடவையாகப் படம் போடுகிறேன். மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டிய படம், ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒன்பது புள்ளி ஒன்பதில் கோபுரமாக நிற்கிறது. ஒன்பது புள்ளி எட்டில் பதினான்கு பேர், பத்தில் பதினாறு பேர், நடுவில் முந்நூற்றுப் பதினெட்டு பேர். முந்நூற்றுப் பதினெட்டு பெண்களுக்கு ஒரே அளவில் ரத்தமா, ரேஷன் கடையில்கூட அத்தனை பேருக்கு ஒரே அளவு விழாது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உடனே என்றால் கை சுட்டதும் இழுத்துக்கொள்கிறோமே, அந்த வேகத்தில். அப்புறமும் ஒரு மணி நேரம் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன், டீ வாங்கி வைத்தேன், அதில் ஆடை படிந்து ஆறிப்போனதும் குடித்தேன்.

பீரோவைத் திறந்து பழைய படிவக் கட்டுகளை எடுத்து, தூசியில் தும்மித் தும்மி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹீமோகுளோபினுக்கு மூன்று கட்டம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு புள்ளி அச்சடித்திருக்கும். ரத்தம் தர மறுத்தவர்களுக்கு அந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது, யாருக்கும் வரவே முடியாத ஓர் எண்ணைப் போட வேண்டும், எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம், மூன்று கட்டத்திலும் ஒன்பது, தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது, அத்தனை ரத்தம் மனுஷ உடம்பில் கிடையாது. பிறகு கணினியிடம் தொண்ணூறுக்கு மேல் இருப்பதையெல்லாம் விடுபட்டவை என்று ஒதுக்கு என்று சொன்னால் ஒதுக்கிவிடும். ஆனால் படிவத்தில் முதல் இரண்டு கட்டத்தில் மட்டும் ஒன்பதும் ஒன்பதும், மூன்றாவது வெறுமை. கணினியில் ஏற்றியவர் கண்ணுக்குத் தெரிந்தபடி தொண்ணூற்றொன்பது என்று தட்டியிருக்கிறார், கடைசி இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வை என்று நான் எழுதிக் கொடுத்திருந்த நிரல், சொன்னபடி புள்ளி வைத்து ஒன்பது புள்ளி ஒன்பதாக்கிவிட்டது. ரத்தமே தராதவள் சோகைக்காரி ஆகிவிட்டாள். கட்டம் வெறுமையாக இருந்தவை முந்நூற்றேழு, இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் முந்நூற்றேழு. ஒதுக்கு என்று அன்றைக்குச் சொன்னபோது ஒதுக்க ஒன்றுமே இல்லை என்றது கணினி. விடுபட்டவை: பூஜ்யம். நான் பயந்திருக்க வேண்டாமா, ஊசியை எடுத்துக்கொண்டு ஆயிரத்து இருநூறு வாசலுக்குப் போய் ஒருத்திகூட மாட்டேன் என்று சொல்லாத ஊர் எந்த நாட்டில் இருக்கிறது? நான் பூரித்துப்போனேன். மறுத்தவர்களையும் ஜெபா திரும்பப் போய் எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டாள் என்று நானாகவே முடிவு கட்டி, துறையில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு பாராட்டினேன், இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன்.

"மேம், அடிஷனல்." இரண்டாவது வரிசையில் கை தூக்குகிறது ஒரு பிள்ளை, தாள் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன், தேதி மறந்துவிட்டது, அவளிடமே கேட்கிறேன், அவள் சிரிக்காமல் சொல்கிறாள். முந்நூற்றேழையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டால் அறுபத்து மூன்று ஐம்பதரையாக இறங்குகிறது, அது பரவாயில்லை, பாதிப் பேருக்குச் சோகை என்பதும் பெரிய சேதிதான், ஆனால் அந்த இரண்டு மடங்கு காணாமல் போய்விடுகிறது. ஆயிரத்துக்கு மேல் சுற்றுகிறவர்களுக்கும் கீழே சுற்றுகிறவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கட்டுரையே அதுதான். ஏனென்றால் மறுத்தவர்களில் முக்கால்வாசி ஆயிரத்துக்கு மேல் சுற்றுகிறவர்கள், ஏன் மறுத்தார்கள் என்பதற்கு எனக்குப் படிவம் தேவையில்லை, நானே ஒரு தடவை போயிருந்தேன், மடியில் தட்டை வைத்துக்கொண்டு கையை நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல் ஒரு அம்மாள் சொன்னாள், "குத்துன வெரல்ல பொகையிலத் தூள் ஏறிச்சின்னா தேள் கொட்டுன கணக்கா கடுக்கும் தாயி, ரெண்டு நாளைக்கு இலை மடக்க முடியாது. வேணும்னா காதுல குத்திக்கோ, அங்கதான் ஏற்கெனவே ஓட்ட கெடக்கு." சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், காரில் ஏறியதும் மறந்துவிட்டேன். விரலை நம்பியிருக்கிறவள் விரலைத் தரமாட்டேன் என்றாள், நாங்கள் அவளைச் சோகைக்காரி என்று உலகத்துக்கு எழுதினோம், இதை யோசித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை தேட வேண்டாம், வெட்கம்தான்.

ஆனால் வெட்கப்பட்டுவிட்டுப் போய்விட முடியாது, ஜெபா இருக்கிறாளே. நாளைக் காலை பத்து மணிக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இன்டர்வியூ, நிரந்தர வேலை, ஒரே இடம். மூன்று வருடமாக நாகர்கோவில் பக்கத்தில் கௌரவ விரிவுரையாளர், கௌரவம் என்று பேர் வைத்தவனை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும், ஜூனில் கூப்பிட்டு ஏப்ரலில் அனுப்பிவிடுகிறார்கள். முப்பத்து மூன்று வயது, அடுத்த வருடம் இந்த வாய்ப்பு வருமா, தெரியாது. கையில் இருப்பது அந்த ஒரு கட்டுரை. இன்டர்வியூவுக்குப் பாட நிபுணராக யார் வருகிறார் என்பது ரகசியம், ரகசியம் என்றால் எங்கள் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று அர்த்தம், வருகிறவர் அந்தக் கட்டுரையைப் போட்ட இதழின் ஆசிரியர். இன்றைக்கு நான் கட்டுரையில் தப்பு இருக்கிறது என்று கடிதம் அனுப்பினால் ராத்திரிக்குள் அவர் கைப்பேசியில் படித்துவிடுவார், காலையில் அந்தப் பிள்ளை சேலையை நீவிக்கொண்டு எதிரில் போய் உட்காரும்போது அவர் முகத்தில் அது இருக்கும். அனுப்பாவிட்டால்? ஐந்தரைக்கு நூற்றிருபது வார்த்தை, ஒருவர்கூட விடுபடாத கணக்கெடுப்பு, பச்சை நிறப் படம் வேண்டாம், வேறு ஏதாவது படம், பீடித் தட்டுப் படம் போடலாம். நேற்று மத்தியானம்வரை அது தப்பு. இன்றைக்கு ஐந்தரைக்கு மேல் அது பொய். தப்புக்கும் பொய்க்கும் நடுவில் மூன்று மணி நேரம் என்னை இந்த அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதுவும் மேற்பார்வைக்கு. கொட்டாவி வருகிறது, வாயை மூடிக்கொண்டு விட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது, முன் பெஞ்சுப் பையன் நான் அழுகிறேன் என்று நினைத்து அவசரமாகக் குனிந்துகொள்கிறான்.

யார் தப்பு என்று நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். படிவத்தை நிரப்பியது ஜெபா, அவள் கையெழுத்துதான், அந்த ஒன்பதுக்கு அவள் போடும் வால் எனக்குத் தெரியும். அப்படியானால் அவள் தப்பு. ஆனால் அவளாக இரண்டு கட்டத்தோடு நிறுத்தமாட்டாள், கேட்டுத்தான் செய்வாள், எதையும் கேட்டுத்தான் செய்வாள், கேட்டாள், ஆமாம், போன் பண்ணினாள், நான் கொழுந்தனார் மகள் கல்யாணத்தில் இருந்தேன், சங்கரன்கோவிலில், மண்டபத்தில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. "மேடம், ஜெபா பேசுதேன். ரத்தம் குடுக்க மாட்டோம்னு சொல்லுதாங்க மேடம், அந்தக் கட்டத்துல என்ன போட?" தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது என்று நான் சொன்னேன், மேளத்தில் புள்ளி ஒன்பது அவள் காதில் விழவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நேற்று ராத்திரி முழுக்க அப்படித்தான் இருந்தது, அப்படி இருந்தால் யார் மேலும் தப்பில்லை, மேளத்தின் மேல்தான். மேளத்தைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியாது. எழுந்து நடக்கிறேன், வரிசைக்கு வரிசை, வலது முழங்கால் முனகுகிறது. பதினான்காவது கேள்வி, பதில் தராதவர்களால் கணக்கெடுப்பில் வரும் பிழைகளை விளக்குக, பதினைந்து மதிப்பெண். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், சுலபமான கேள்வி. சன்னல் ஓரத்துப் பிள்ளை அழகான உருண்டைக் கையெழுத்தில் எழுதுகிறாள், பதில் தராதவர்களை மறுபடியும் சென்று சந்திக்க வேண்டும், அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு தடவை கோடு போட்டிருக்கிறாள். பொறுமையாக. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டேன் போலிருக்கிறது, அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள், ஏதோ தப்பாக எழுதிவிட்ட பயத்தில். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுகிறேன்.

அந்தப் பயத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன், போனில். தொண்ணூற்றொன்பது என்று நான் சொன்னதும் அவள் வைக்கவில்லை. இன்னொன்று கேட்டாள். என்ன கேட்டாள்? இரண்டாவது பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள், காலையிலிருந்து வெறும் வயிறு, கொழுந்தனார் மனைவி தன் பக்கத்து ஆட்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைக்கிறாள், என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாள், எனக்கு வயிற்றெரிச்சல், ஒரு நாற்காலி பாக்கி இருக்கிறது, அதை நோக்கி ஒருத்தி வருகிறாள், போன் காதில் இருக்கிறது. "மூணு கட்டம் இருக்கே மேடம், கடைசிக் கட்டத்துல என்ன போட?" அதுதான் கேட்டாள். சரியாகத்தான் கேட்டாள், இவ்வளவு சரியான கேள்வியை என் வாழ்க்கையில் ஒரு மாணவியும் கேட்டதில்லை. "ஒரு தடவ சொன்னா வெளங்காதா ஒனக்கு? தொண்ணூத்தொம்போதுன்னா தொண்ணூத்தொம்போது. வை போன." மேளம் அப்போது அடிக்கவில்லை. மேளக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், நான் பிடித்த நாற்காலிக்கு எதிர்ப் பந்தியில். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார், நான் சிரித்துச் சமாளித்துவிட்டு அவியலைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயசம் கேட்டு வாங்கினேன். இது ராத்திரி ஞாபகம் வரவில்லை, இன்றைக்கு மூன்றேகாலுக்கு, சன்னல் ஓரத்துப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறபோது வருகிறது. இத்தனை வருடமும் இது எங்கே இருந்தது? நான் கோபக்காரி என்று எல்லோருக்கும் தெரியும், நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், குட்டுற கைதான் திருத்தும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கையைத் தூக்கி மேசை மேல் வைத்துப் பார்க்கிறேன், ரேகையெல்லாம் சாக்பீஸ் ஏறி வெளுத்துக் கிடக்கிறது.

சரி, என் தப்பு. ஆகிவிட்டது. அதனால் என்ன, தப்பு என்னுடையது என்றால் கடிதத்தை எப்போது அனுப்புவது என்பதும் என்னுடையதுதானே. நாளை பத்து மணிக்கு இன்டர்வியூ, சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லிவிடுவார்கள், நாளை மறுநாள் அனுப்பினால் போதும். குற்றாலிங்கம் சாரிடம் வேறு ஏதாவது சேதி கொடுத்துவிடலாம், பெங்களூரிலிருந்து வந்து ஒருவர் நேரத் தொடர் பற்றிப் பேசிவிட்டுப் போனாரே, அது, யாருக்கும் புரியவில்லை, முதல் பக்கத்துக்கு நன்றாக இருக்கும். ஜெபாவிடம் ஒன்றும் சொல்லக்கூடாது. சொன்னால் அவளும் தெரிந்துகொண்டே போய் உட்கார்ந்தவள் ஆகிவிடுவாள், தெரியாமல் போனால் அவள் மேல் ஒரு கறையும் இல்லை, பிறகு கேட்டாலும், மேடம்தான் தப்பாகச் சொன்னாங்க, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நிமிர்ந்து நின்று சொல்லலாம். நான் அவளைத் தெரியாதவளாக வைத்திருக்க வேண்டும், இரண்டே நாள், அதுதான் நான் அவளுக்குச் செய்ய முடிந்தது. இப்படி நினைத்ததும் உடம்பு லேசாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தேன், கண் செருகியது, ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ தூங்கியிருப்பேன், யாராவது பார்த்து எழுதியிருந்தால் எழுதியிருக்கட்டும். ஆனாலும் ஒரு மூலையில் ஒன்று குத்துகிறது, அந்தப் பிள்ளை ஏன் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அடக்கம் என்றால் பாராட்டி முடித்ததும் நிமிர வேண்டாமா, நிமிரவில்லை, நன்றி மேடம் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போய் ரொம்ப நேரம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றாள். வெயில், தாகம், என்னவோ. மணி அடித்துவிட்டது.

விடைத்தாளை எண் வரிசையில் அடுக்கி, எண்ணி, மறுபடி எண்ணி, முப்பத்தொன்று, கட்டிக் கொடுத்துவிட்டு டோக்கனைக் கொடுத்துக் கைப்பேசியை வாங்கும்போது ஐந்து பத்து. மாடிப்படியிலேயே குற்றாலிங்கம் சார் பிடித்துக்கொண்டார். "எழுதியாச்சா மேடம்?" "சார், பீடி ஆய்வு இந்தத் தடவ வேண்டாம். பெங்களூர்க்காரர் பேச்சப் போட்டுருங்க." "அது யாருக்கு வெளங்கிச்சு? மேடம், முதல் பக்கம் மேடம், ஏன் இப்படி?" "உடம்பு சரியில்ல சார், எழுத ஓடல." அவர் என் முகத்தைப் பார்த்தார், நம்பினார், சுக்கு வெந்நி குடிக்கச் சொன்னார். அது பொய்கூட இல்லை, நிற்க முடியவில்லை. துறைக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு ஜெபாவைக் கூப்பிட்டேன், நல்லபடியாகப் போய்விட்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும், வேறு ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது. பஸ் சத்தம் கேட்டது. "மேடம், கயத்தாறு தாண்டியாச்சு மேடம்." "நல்லாப் பண்ணு, என்ன. பதறாமப் பேசு. ராத்திரி சாப்பிட்டுட்டுப் படு." "சரி மேடம்." வைத்துவிடலாம் என்று கையை எடுக்கும்போது, "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா, கோவப்படாதீங்க" என்றாள்.

"கேளு."

"நாளைக்கு அந்த விடுபட்டவை பூஜ்யம் பத்தி இதழ் ஆசிரியரு கேட்டா, என்ன சொல்ல மேடம்?"

சுவர் இன்னும் மத்தியான வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "மொத அட்டவண வந்தன்னைக்கே தெரியும் மேடம். எத்தன பேரு மாட்டோம்னு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதா, நான்லா வீடு வீடாப் போனேன். சொல்லணும்னுதான் அன்னைக்கு வந்தேன், நீங்க எல்லாரையும் கூப்பிட்டு வச்சுப் பாராட்டிட்டு இருந்தீங்க." கண்டக்டர் யாருக்கோ சில்லறை இல்லை என்று கத்தினார், அவள் அது ஓயும்வரை இருந்தாள். "போன ஜனவரியில அந்த ஆசிரியருக்கு லெட்டர் எழுதுனேன் மேடம். உங்களுக்குப் பிப்ரவரியில புரொபசர் இன்டர்வியூ இருந்திச்சு, அது முடியட்டும்னு வச்சிருந்தேன். அது முடியவும் எனக்கு இது வந்திட்டு. பின்ன எனக்கே அனுப்ப மனசில்லாமப் போச்சு மேடம், உள்ளதச் சொல்லுதேன். போன்ல அப்படியே கெடக்கு." மத்தியானம் பூராவும் நான் இவளை எதிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன், மூன்று வருடமாக இவள் அதற்குள்ளேயே இருந்திருக்கிறாள், அதில் கொஞ்ச நாள் எனக்காக. யார் தப்பு என்று எழுதியிருக்கிறாய் என்றேன். "என் தப்புன்னுதான் மேடம்." அதை அழி என்றேன். படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டார், வழிகாட்டி தவறாகச் சொன்னார், அப்படி எழுது, என் பேரை முழுசாகப் போடு என்றேன். அவள் தட்டுவது கேட்டது, பஸ் ஆட்டத்தில் தப்பாகத் தட்டி அழித்து மறுபடி தட்டினாள், நான் அவசரப்படுத்தவில்லை.

"மாத்திட்டேன் மேடம். அனுப்பட்டுமா?"

நாளைக்கு அனுப்பு என்று சொல்லலாம். இரண்டு வார்த்தை. சாயங்காலம் நாலு மணிக்கு, முடிவு சொன்னதும், பஸ்ஸில் திரும்பி வரும்போது. அவள் அதைத்தான் எதிர்பார்க்கிறாளோ, நான் சொல்லிவிட்டால் அது நான் சொன்னது ஆகிவிடும், அவள் நிம்மதியாகத் தூங்குவாள், நானும் தூங்குவேன், எனக்குத் தூக்கம் வேண்டும், அவளுக்கு வேலை வேண்டும், இரண்டும் நியாயம்தானே. ஒரு தடவைதான் கேட்டாள், மறுபடி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள், அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

"நீ என்ன நினைக்க?" என்றேன்.

பஸ் எங்கேயோ நின்று மறுபடி கிளம்பியது. நான் வைத்துவிட்டேனோ என்று பார்த்திருப்பாள். நான் வைக்கவில்லை.

"லெட்டர் போயிட்டு மேடம்" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குப் போகத்தான் செய்வேன்" என்றாள்.